டர்போவின் குரல்

மலைச்சாலையில் ஏறும் இக்காலக் கார் ஒன்றின் அருகே நின்றால், எஞ்சினின் உறுமலுக்கு மேலாக மெல்லிய சீழ்க்கை ஒன்று எழுவதைக் கேட்கலாம். ஓட்டுநர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அச்சீழ்க்கை தணிந்து, 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு வெளிப்படும். முன்னது டர்போ சுழலும் ஓசை. பின்னது அமுக்கப்பட்ட காற்று வழி மாறிச் செல்லும் ஓசை. இவ்விரண்டு ஓசைகளிலும் இளைஞர் பலருக்குப் பெருவிருப்பு உண்டு. கார் வாங்கிய சில திங்களுக்குள்ளேயே, 'இதை இன்னும் உரக்கக் கேட்க என்ன செய்யலாம்?' என்ற வினா எழுந்துவிடுகிறது. எஞ்சினுக்குக் காற்று செல்லும் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, திறந்த வடிகட்டி ஒன்றைப் பொருத்துவதே அதற்கு எளிய விடையாகக் கடைகளில் விற்கப்படுகிறது.

நம் மன்றத்து நண்பர்கள் சிலர் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாற்றுக்குக் காரில் செல்ல எண்ணியபோது, இவ்வினா என்னிடமும் வந்தது. நான் இயற்பியல் பயிலும் மாணவன், மெக்கானிக் அல்லன். ஆயினும் என் குடும்பம் தேனிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி இடுக்கியிலேயே தங்கிவிட்ட குடும்பம். அதனால் அச்சாலையின் வளைவுகளையும், அதில் ஏறி இறங்கும் வண்டிகளின் ஓசைகளையும் ஓரளவு அறிவேன். டர்போவின் ஓசை எங்ஙனம் பிறக்கிறது, அதனை அடக்கிவைக்கும் பெட்டி என்ன பணி செய்கிறது, அப்பெட்டியை நீக்கினால் போடிமெட்டு ஏற்றத்தில் என்ன நேரும், தீங்கின்றி அவ்வோசையைக் கேட்க வழி உண்டா என்னும் நான்கையும் இக்கட்டுரையில் முறையே காண்போம்.

டர்போ செய்யும் பணி

பெட்ரோலாயினும் டீசலாயினும் எரிவதற்குக் காற்று வேண்டும். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று செல்கிறதோ, அவ்வளவுக்கே எரிபொருளை எரிக்க முடியும். ஆற்றல் கூட வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும். அல்லது அதே எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்க வேண்டும். டர்போ இரண்டாவது வழியைச் சார்ந்தது.

ஓர் அச்சின் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள் உள்ளன. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சு ஒன்றேயாதலால் மறுமுனைச் சக்கரமும் உடன் சுழன்று, வெளிக்காற்றை உறிஞ்சி அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. வீணாகப் போகும் புகையின் ஆற்றலையே வேலைக்கு அமர்த்துவது இதன் சிறப்பு. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பியூசி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இருபது ஆண்டுகள் முயன்று 1925-இல் டீசல் எஞ்சின் ஒன்றின் ஆற்றலை 40 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டினார்.

மலைக்கும் டர்போவுக்கும் தொடக்கம் முதலே உறவு உண்டு. 1918-இல் அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்னும் பொறியாளர், லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை லாரியில் ஏற்றிக் கொலராடோ மாநிலத்துப் பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டு சென்றார். அவ்வுச்சியின் உயரம் ஏறத்தாழ 14,100 அடி. தரையில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், மலையுச்சியில் 230 குதிரைத்திறனே தந்தது. டர்போவைப் பொருத்தியவுடன் 356 குதிரைத்திறன் தந்தது! மெலிந்த காற்றால் இழந்ததை டர்போ மீட்டுக் கொடுத்தது. பொதுமக்கள் வாங்கும் கார்களில் டர்போ வந்தது 1962-இல். ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர், செவர்லே கோர்வேர் மான்சா ஸ்பைடர் ஆகிய இரண்டும் அவ்வாண்டில் அமெரிக்காவில் வெளிவந்தன. நம் நாட்டில் 2017-இல் வந்த டாட்டா நெக்ஸான், 2019-இல் வந்த ஹூண்டாய் வென்யூ போன்ற வண்டிகளால் சிறு பெட்ரோல் டர்போ எஞ்சின் நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

ஓசை பிறக்கும் வகை

சிறு காரின் டர்போச் சக்கரம் நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் அது நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சில வண்டிகளில் இரண்டு இலட்சத்தையும் எட்டும். எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு 1,20,000 சுற்று எனக் கொள்வோம். அறுபதால் வகுக்க, நொடிக்கு 2,000 சுற்று ஆகிறது.

எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் எந்தச் சக்கரமும் முற்றிலும் சமனாக இராது. எடை ஒரு பக்கம் இம்மியளவு மிகுந்திருப்பினும், சுற்று ஒன்றுக்கு ஒரு முறை அச்சு அதிரும். ஆகவே 2,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓர் ஓசை பிறக்கிறது. அடுத்து, சக்கரத்தில் ஆறு இறகுகள் உள்ளன என்று கொண்டால், ஒவ்வோர் இறகும் காற்றை வெட்டிச் செல்லும்போது ஒரு துடிப்பு உண்டாகிறது. 2,000-ஐ ஆறால் பெருக்க 12,000 ஹெர்ட்ஸ் ஆகும். பெரிய இறகுகளுக்கு இடையே சிறு இறகுகளும் சேர்ந்து பன்னிரண்டு ஆனால், 24,000 ஹெர்ட்ஸில் ஓர் ஓசை பிறக்கும். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும்; ஆதலின் அது நமக்குக் கேளாது.

நமது செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியாகும். அச்சின் அதிர்வொலி சரியாக அங்கே வந்து விழுகிறது. டர்போவின் சீழ்க்கை சிறிதாயினும் நம் காதைத் தேடி வந்து தொடுவதன் காரணம் இதுவே.

இனி, பெருமூச்சைக் காண்போம். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று வழியிலுள்ள தகடு மூடிக்கொள்ளும். ஆனால் டர்போ உடனே நின்றுவிடாது. தன் வேகத்தில் காற்றை அமுக்கிக்கொண்டே இருக்கும். அக்காற்று மூடிய தகட்டில் மோதித் திரும்பிச் சக்கரத்தையே தாக்காமல் இருக்க ஒரு வால்வு திறக்கிறது. அது காற்றை மீண்டும் டர்போவின் உறிஞ்சு வழிக்கே கொண்டு சேர்க்கிறது. 'புஸ்' என்னும் ஓசை அப்போது பிறப்பதே. டீசல் எஞ்சினின் வேகம் எரிபொருளின் அளவால் கட்டுப்படுத்தப்படுவது. பெட்ரோல் எஞ்சினைப் போல் ஒவ்வொரு முறையும் காற்றை அடைக்கும் வழக்கம் அங்கு இல்லை. ஆகவே நம் மலைச்சாலையில் தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் டர்போ டீசல் ஜீப்புகளில் சீழ்க்கை கேட்கும், பெருமூச்சு கேட்பதில்லை. டீசல் வண்டியில் அவ்வோசை வேண்டும் என்று தனியாக ஒரு வால்வைப் பொருத்துவது வெறும் நடிப்பே. புகைக்குழாயின் நுனியில் செருகும் அலுமினியச் சீழ்க்கையும் அத்தகையதே. அது டர்போவின் ஓசையன்று. புகை, துளையில் ஊதும் ஊதல்.

பெட்டி செய்யும் பணி

எஞ்சின் அறையில் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் மடிப்பு மடிப்பான காகித வடிகட்டி தெரியும். பார்ப்பவர்க்கு அது வெறும் பெட்டி. உண்மையில் அது நான்கு வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, தூசியைத் தடுக்கிறது. இரண்டாவது, எஞ்சின் அறையின் சூடான காற்றை விலக்கி, வண்டியின் முகப்பிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டு வருகிறது. மூன்றாவது, காற்றளவு உணர்கருவியின் முன்னே காற்று சுழியின்றிச் சீராகச் செல்லும்படி செய்கிறது. இக்கருவி சொல்லும் கணக்கைக் கொண்டே, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று எஞ்சினின் கணிப்பொறி முடிவு செய்கிறது. நான்காவது, ஓசையை அடக்குகிறது.

ஓசையை அடக்கும் முறை அழகியது. வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதி எழுவதை நாம் அறிவோம். பாட்டிலுக்குள் உள்ள காற்று தனக்குரிய அதிர்வெண்ணில் மட்டும் அதிர விரும்புகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனை விரிவாக ஆராய்ந்தார். அத்தகைய கூடு ஒன்றைக் காற்றுக் குழாயின் பக்கத்தில் ஒட்டவைத்தால், குழாய் வழியே வரும் ஓசையில் அந்த ஓர் அதிர்வெண்ணை மட்டும் அக்கூடு வாங்கித் தேய்த்துவிடும். ஒரு முனை மூடிய சிறு குழலும் இப்பணியைச் செய்யும். அக்குழலின் நீளம் ஓசை அலையின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு இருக்க வேண்டும். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால், 2,000 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் 17 சென்டிமீட்டர். வேண்டிய குழலின் நீளம் நாலேகால் சென்டிமீட்டர். குழாயின் ஓரத்தில் பயனின்றி நீட்டிக்கொண்டிருப்பது போலத் தோன்றும் சிறு புடைப்பு, உண்மையில் கணக்கிட்டு வைக்கப்பட்ட செவிக்காவலன் ஆகும்.

பெட்டியை நீக்கினால்

பெட்டியை நீக்கித் திறந்த கூம்பு வடிகட்டியைப் பொருத்தினால் ஓசை கூடுவது உண்மை. ஒலியைத் தேய்க்கும் கூடும் இல்லை. தடுக்கும் சுவரும் இல்லை. திரும்பி வரும் காற்றின் பெருமூச்சும் வடிகட்டி வழியே நேராக வெளிப்படும். ஆனால் ஓசை கூடியதால் ஆற்றலும் கூடியது என்று கருதுவது பிழை.

இதனை ஒரு கணக்கால் காட்டலாம். ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபெல் என்பது காதைத் துளைக்கும் ஓசை. அவ்வோசை எத்திசையிலும் சமமாகப் பரவுவதாகக் கொண்டாலும், அதில் அடங்கிய மொத்த ஆற்றல் ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்குதான். நூறு குதிரைத்திறன் எஞ்சினோ ஏறத்தாழ 75,000 வாட் தருவது. ஆரவாரத்துக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொலைவு இவ்வளவு! மேலும், தூய்மையான வடிகட்டி உள்ள பெட்டியில் காற்று இழக்கும் அழுத்தம் சில கிலோபாஸ்கலே. அச்சிறு இழப்பையும் கணக்கிட்டே, எஞ்சினுக்குள் குறித்த அழுத்தம் வரும்வரை கணிப்பொறி டர்போவை இயக்குகிறது. ஆதலின் பெட்டியை நீக்குவதால் பெறும் ஆதாயம் பெரும்பாலும் காதுக்கே உரியது.

இழப்போ பல. எஞ்சின் அறையின் சூடான காற்று நேராக உள்ளே புகும். பருத்தி வடிகட்டிக்கு எண்ணெய் பூசுவோர் அளவு மீறினால், அவ்வெண்ணெய் காற்றளவு உணர்கருவியில் படிந்து கணக்கைப் பிழையாக்கும். திருப்பு வால்வை மாற்றி, அமுக்கிய காற்றை வெளியே ஊதவிடுவோர் வேறொரு தொல்லையை வரவழைக்கின்றனர். உணர்கருவி ஏற்கெனவே எண்ணிக் கணக்கில் எழுதிய காற்று அது. அது வெளியே போய்விட்டதைக் கணிப்பொறி அறியாது. போகாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோலைத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் கரியாகப் படியும். புகையைத் தூய்மை செய்யும் கருவியும் நாளடைவில் கெடும்.

போடிமெட்டு ஏற்றத்தில்

இக்கணக்குகளைச் சமவெளியிலிருந்து மலைக்குக் கொண்டு செல்வோம். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, போடிநாயக்கனூரைக் கடந்ததும் முந்தல் என்னும் அடிவாரத்தில் மலையைத் தொடுகிறது. அங்கிருந்து புலியூத்து அருவியைக் கடந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைகிறது. தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்கும் எல்லை அது. ஏறும் உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். போடிமெட்டு கடல் மட்டத்திலிருந்து சற்றேறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளதாகக் கொண்டால், அங்குள்ள காற்று கடற்கரைக் காற்றைவிட எட்டில் ஒரு பங்கு மெலிந்தது.

டர்போ இல்லாத வண்டிக்கு இது நேரான இழப்பு. டர்போ வண்டி இதனை ஈடுகட்டும். ஆனால் இலவசமாக அன்று. எஞ்சினுக்குள் 2 பார் அழுத்தம் வேண்டும் என்க. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 1.01 பார், ஆகவே காற்றை ஏறத்தாழ இரண்டு மடங்கு அமுக்கினால் போதும். போடிமெட்டில் வெளிக்காற்றின் அழுத்தம் 0.86 பார் அளவே. அங்கே 2.3 மடங்கு அமுக்க வேண்டும். அதற்குச் சக்கரம் இன்னும் விரைவாகச் சுழல வேண்டும். சங்கீத மொழியிற் சொன்னால், மலை ஏற ஏற டர்போவின் சுருதியும் ஏறுகிறது. போதாக்குறைக்குச் சாலையின் ஒரு பக்கம் பாறைச் சுவர். அது ஓசையைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே கண்ணாடியை இறக்கிவிட்டு ஏறினாலே, எந்த மாற்றமும் செய்யாத காரின் சீழ்க்கையும் அச்சாலையில் நன்றாகக் கேட்கும். காசு கொடுத்து வாங்க நினைப்பதை மலை இலவசமாகவே தருகிறது.

இனி, பெட்டி இல்லாத காரை எண்ணிப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மெதுவாகத்தான் ஏற முடியும். எஞ்சினோ முழு உழைப்பில் இருக்கும். முகப்பில் காற்று வீசுவது குறைவு. எஞ்சின் அறையில் வெப்பம் மிகுதி. வெளியே 30 பாகை உள்ள காற்றுக்குப் பதிலாக 60 பாகை உள்ள காற்றைத் திறந்த வடிகட்டி உறிஞ்சுவதாகக் கொண்டால், கெல்வின் அளவில் 303-க்கு 333 ஆகிறது. காற்றின் அடர்த்தி ஒன்பது சதவீதம் குறைகிறது. இன்டர்கூலர் வெப்பத்தின் ஒரு பகுதியைத் தணிக்கும்; ஆயினும் டர்போ அதற்கேற்ப மேலும் உழைக்க வேண்டியிருக்கும். மலை எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது போதாதென்று, நாமே வலியச் சென்று பதினொன்றில் ஒரு பங்கைக் கொடுக்கிறோம். ஆற்றல் வேண்டிய இடத்தில் ஆற்றலை விற்று ஓசையை வாங்கும் வணிகம் இது.

ஹாரனும் சீழ்க்கையும்

இதுவரை சொன்னவை வண்டிக்கு உண்டாகும் தீங்கு. மனிதர்க்கு உண்டாகும் தீங்கே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

கொண்டை ஊசி வளைவில் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கே தெரியும். மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. ஏறும் வண்டி வருவதை இறங்குபவர் அறிவது பெரும்பாலும் ஹாரனால்தான். விடியற்காலையில் தேனிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர் ஜீப்புகளில் ஏறுவதும், மாலையில் அதே வழியே இறங்குவதும் அச்சாலையின் அன்றாடக் காட்சி. அவருள் பெரும்பாலோர் பெண்கள். அந்த ஜீப்பு வளைவுக்கு அப்பால் ஒலிக்கும் ஹாரன், காரோட்டியின் காதில் விழுந்தாக வேண்டும்.

ஒலியியலில் 'மறைப்பு' என்று ஒரு விளைவு உண்டு. ஓர் உரத்த ஓசை, தனக்கு அருகான அதிர்வெண்களிலும் தனக்கு மேற்பட்ட அதிர்வெண்களிலும் உள்ள மெல்லோசைகளைச் செவிக்கு எட்டவிடாமல் செய்யும். வாகன ஹாரன்களுக்கான ஐக்கிய நாடுகளின் 28-ஆம் விதிமுறை, 1,800 முதல் 3,550 ஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் ஹாரன் போதிய வலிமையோடு ஒலிக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. செவி கூர்மையாகக் கேட்கும் பகுதி என்பதாலேயே அப்பட்டை பொருத்தமானது. மேலே நாம் கணக்கிட்ட டர்போ அச்சின் ஓசை 2,000 ஹெர்ட்ஸ். சுற்று இரண்டு இலட்சமானால் 3,300 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன! 'புஸ்' என்னும் பெருமூச்சோ எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடப்பது. வளைவை நெருங்கும்போதுதான் ஓட்டுநர் ஆக்சிலேட்டரை விடுகிறார். அந்த நொடியில்தான் பெருமூச்சும் எழுகிறது. அந்த நொடியில்தான் எதிர் வண்டியின் ஹாரனும் கேட்க வேண்டும். சமவெளியில் வேடிக்கையாக இருப்பது இங்கே ஆபத்தாக மாறுவது இதனால்தான்.

எல்லையைத் தாண்டிய பின் பூப்பாறை, சின்னக்கானல் பகுதிகளில் காட்டு யானைகளின் நடமாட்டம் உண்டு. அங்கு வாழ்வோர் இரவில் கிளை முறியும் ஓசைக்கும் செவி சாய்த்து வாழ்கின்றனர். விருந்தினராகச் செல்வோர் அவர்தம் அமைதியைக் கெடுப்பது முறையன்று.

சட்டமும் இதில் வாயடைத்திருக்கவில்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் குறித்தவற்றோடு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு திங்கள் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி, புகை வரம்புகளை மீறினால் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று திங்கள் பறிபோகலாம்.

வண்டி பேசும் மொழி

ஓசையை நாம் பெருக்கிக்கொள்வதில் இன்னொரு நட்டமும் உண்டு. டர்போவின் ஓசை ஒரு செய்தி. போடியில் நெடுங்காலம் ஜீப்பு ஓட்டிய அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சத்தம் மாறுச்சுன்னா வண்டி நம்மகிட்ட என்னமோ சொல்லுதுன்னு அர்த்தம், தம்பி. அதக் கேக்காம மேல போகக் கூடாது." ஒலியியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அம்மொழியின் அரிச்சுவடியை இங்கே தருகிறேன்.

ஏற்றத்தில் மெல்லியதாக எழுந்து, எஞ்சின் உழைப்போடு ஏறி இறங்கும் ஒரே சீரான சீழ்க்கை நலத்தின் அறிகுறி.

அதே சீழ்க்கையோடு காற்று சீறும் ஓசையும் சேர்ந்து, வண்டியும் இழுக்க மறுத்தால், அமுக்கிய காற்று எங்கோ கசிகிறது என்று பொருள். ரப்பர் குழாயில் வெடிப்போ, கிளிப் தளர்வோ இருக்கலாம்.

ஆம்புலன்சின் ஊளை போன்ற ஓசை நாளுக்கு நாள் உரத்து வந்தால், பேரிங் தேய்ந்திருக்கலாம். சக்கரம் தன் கூட்டில் உரசவும் கூடும்.

ஆக்சிலேட்டரை விட்டதும் 'சுட்-சுட்-சுட்' என்று படபடத்தால், திருப்பு வால்வு திறக்காமல் காற்று சக்கரத்தின் மீதே திரும்பிப் பாய்கிறது என்று ஐயுறலாம். இப்படபடப்பை இனிமை என்று எண்ணி வேண்டுமென்றே வால்வை அடைத்துவிடுவோரும் உளர். ஒவ்வொரு படபடப்பும் அச்சின் மீதும் பேரிங்கின் மீதும் விழும் அடி என்பதை அவர்கள் உணர வேண்டும்.

பெட்டியை நீக்கி எல்லா ஓசையையும் உரக்கச் செய்துவிட்டால், இச்செய்திகளைப் பிரித்தறிவது அரிது. சந்தை இரைச்சலில் ஒருவர் மட்டும் மெல்ல அழைப்பது போல, வண்டியின் எச்சரிக்கை நம்மை எட்டாமற் போகும். இதுவே இக்கட்டுரையின் சாரம்: டர்போவின் ஓசை நமக்கு வரும் கடிதம், அதனை ஊருக்குப் போடும் வேட்டாக ஆக்கினால், கடிதத்தைப் படிக்கும் வாய்ப்பை நாமே இழக்கிறோம்.

செய்யத்தக்கன

அப்படியாயின் அவ்வோசையை விரும்புவது குற்றமா எனின், அன்று. நல்ல எந்திரத்தின் ஓசையில் இன்பம் காண்பது இயல்பே. தீங்கின்றி அதனைத் துய்க்கும் வழிகள் உண்டு.

முதலில், பெட்டியை அதன் இடத்திலேயே விட்டுவிடுக. வடிகட்டியை மாற்ற விரும்பினால், அதே பெட்டிக்குள் அமரும் தட்டை வடிகட்டியை வாங்குக. மாற்றிய பின் பெட்டியின் கொக்கிகள் நன்றாகப் பூட்டியுள்ளனவா, குழாய்க் கிளிப்புகள் இறுகியுள்ளனவா எனக் காண்க. வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையே சிறு இடைவெளி இருப்பினும், விரைந்து சுழலும் சக்கரத்தின் இறகு நுனிகளை மணல் துகள் அரித்துவிடும்.

இரண்டாவதாக, சில கார் உற்பத்தியாளர்களே கையாளும் முறை ஒன்று உண்டு. காற்று வழியிலிருந்து ஒரு மெல்லிய குழாயைப் பிரித்து, அதன் நடுவே ஒரு சவ்வை வைத்து, மறுமுனையை ஓட்டுநர் அறையின் சுவரருகே கொண்டு வருவர். சவ்வு காற்றைக் கடக்க விடாது. அதிர்வை மட்டும் கடத்தும். நம் மிருதங்கத்தின் தோல் செய்வதும் இதுதானே! தூசி புகுவதில்லை, உணர்கருவியின் கணக்கும் பிழைப்பதில்லை, ஓசையும் வண்டிக்குள் இருப்பவர்க்கே கேட்கும். இத்தகைய அமைப்போடு வந்த காரை வாங்குவது நன்று. பிறகு சேர்ப்பதாயின், உற்பத்தியாளரின் பணிமனையில் கேட்டு, விதிக்கு உட்பட்டதா என்று உறுதி செய்த பின்னரே சேர்க்க வேண்டும். அப்போதும் வளைவில் ஹாரனை மறைக்காத அளவுக்கே ஓசை இருக்க வேண்டும் என்பதை மறவற்க.

மூன்றாவது வழிக்குக் காசே வேண்டியதில்லை. மாணவர்க்கு ஏற்றதும் அதுவே. ஒலியின் அதிர்வெண்களைப் படமாக வரைந்து காட்டும் செயலிகள் கைப்பேசியில் கிடைக்கின்றன. ஏற்றத்தில் ஓட்டுநர் அல்லாத ஒருவர் அதனை இயக்கிப் பதிவு செய்க. எஞ்சினின் வேகத்தோடு மட்டும் ஒட்டிச் செல்லாமல், சுமை கூடும்போது தனியே மேலெழும் மெல்லிய கோடு ஒன்று படத்தில் தெரிந்தால், அது டர்போவுடையதாக இருக்கலாம். அது அச்சின் ஓசையாயின், அதன் அதிர்வெண்ணை அறுபதால் பெருக்கினால் நிமிடச் சுற்று கிடைத்துவிடும். முந்தலிலும் போடிமெட்டுக்குச் சற்றுக் கீழேயும் ஒரே கியரில், ஒரே எஞ்சின் வேகத்தில், ஒத்த சாய்வில் பதிவு செய்து ஒப்பிட்டால், மெலிந்த காற்றுக்காகச் சக்கரம் எவ்வளவு கூடுதலாக உழைக்கிறது என்பதைக் கோட்டின் உயர்வே காட்டும். பைக்ஸ் பீக்கில் எஞ்சினையே தூக்கிச் சென்று செய்த சோதனையின் தம்பியை நாம் ஒரு கைப்பேசியால் செய்துவிடலாம்.

இறுதியாக ஒன்று. போடிமெட்டை அடைந்ததும் தேநீர்க் கடை முன் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருகிவிடுவது பலர் வழக்கம். அத்தனை வளைவுகளும் உழைத்த டர்போ அப்போது கடுஞ்சூட்டில் இருக்கும். எஞ்சின் நின்றால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். பேரிங்கில் தங்கிய எண்ணெய் கருகிக் கெட்டியாகலாம். ஆகவே ஒரு நிமிடம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, பின்னர் நிறுத்துக. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுக. டர்போவின் ஆயுளைக் கூட்டுவன இவையே, திறந்த வடிகட்டியன்று.

அறிவியல் கற்கும் நாம், ஒரு பொருளை மாற்றுமுன் அது ஏன் அவ்வாறு அமைந்துள்ளது என்று வினவக் கடமைப்பட்டவர்கள். அக்கறுப்புப் பெட்டியை வடிவமைத்தவர் தூசியையும் வெப்பத்தையும் ஓசையையும் எண்ணிப் பார்த்துள்ளார். மலைச்சாலையில் எதிரே வரும் ஜீப்பை எண்ணிப் பார்க்க வேண்டியவர் ஓட்டுநராகிய நாம்.